கோகொலின் 'மூக்கு': பதவித்தரப் பட்டியலும் ஒரு சிறுகதையும்

1722ஆம் ஆண்டில் மகா பீற்றர் சக்கரவர்த்தி இரசியப் பேரரசில் நிறுவிய பதவித்தரப் பட்டியல், பிறப்பினாலன்றிச் சேவையினால் மதிப்பு அமைதல் வேண்டும் என்னும் நோக்குடன் தோன்றியதாகும். படை, குடிசார் நிர்வாகம், அரசவை என்னும் மூன்று துறைகளின் உத்தியோகங்களும் 14 தரங்களாக வகுக்கப்பட்டன. குடிசார் சேவையில் 8ஆந் தரத்தை எய்தியவன் பரம்பரைப் பிரபுவானான். அவன் மக்களும் பிரபுக்களாயினர். பிறப்பின் செருக்கைத் தளர்த்த எழுந்த ஏணி, நாளடைவில் மனிதரை அளக்கும் கோலாயிற்று. அக்கோலை நகையாடுவதே நிக்கொலாய் கோகொல் எழுதிய 'மூக்கு' என்னும் சிறுகதை.

1836இல் புஷ்கின் நடத்திய 'சமகாலத்தவன்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்த இக்கதையைப் பொருளற்ற கனவெனத் தள்ளுவாரும் உளர். சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் கொவலியோவ் என்பான் ஒருநாட் காலை விழித்தெழுந்து, தன் முகத்தில் மூக்கைக் காணாது திகைக்கிறான். நாவிதன் ஒருவனின் காலையுணவுப் பாணிலிருந்து வெளிப்பட்ட அம்மூக்கோ, பின்னர் பொற்சரிகை உடை தரித்து, வண்டியேறி நகரில் உலாவருகின்றது. நிகழ்ச்சி நடவாததே, ஆயின் அதனைச் சூழ்ந்த விவரங்கள் பல அக்கால நிர்வாக வரலாற்றினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்டவை.

கொவலியோவ் 8ஆந் தரத்தவன். 1809இல் (கோகொல் பிறந்த ஆண்டும் அதுவே) ஸ்பெரான்ஸ்கியின் முயற்சியாற் பிறந்த கட்டளை, பல்கலைக்கழகச் சான்றிதழோ பரீட்சைத் தேர்ச்சியோ இல்லாதார் இத்தரத்தை அடைதலாகாது என விதித்தது. கோக்கசஸ் பிரதேசத்தில் அவ்விதி தளர்த்தப்பட்டது. கொவலியோவ் அவ்வழியால் ஏறியவன். கல்வியால் வாராத மதிப்பு என்பதை அவன் உள்ளமும் அறிந்திருந்தது போலும். அதனாற்றான் 8ஆந் தரத்துக்கு நேரான படைப்பெயராகிய 'மேஜர்' என்பதைச் சட்டம் தடுத்திருந்தும் சூடிக்கொள்கிறான். தன்னைப்பற்றி எவர் எது கூறினும் பொறுப்பான். தன் தரத்தைப்பற்றிக் கூறின் பொறான். துணை ஆளுநர் பதவி தேடித் தலைநகர் வந்த அவன், இரண்டு இலட்சம் சீதனத்தோடு வரும் மணமகளையே கொள்வதென்றும் உறுதி பூண்டிருந்தான்.

கதையின் உயிர்நிலை தேவாலயக் காட்சியாகும். (தணிக்கையின் பொருட்டு முதலில் அது வணிகக் கூடமாக மாற்றப்பட்டது.) தன் மூக்கை நேரிற் கண்ட கொவலியோவ் அதனைப் பற்றி இழுத்தானல்லன். இறகு செருகிய தொப்பியைக் கண்டு, அது 5ஆந் தரத்து அரச ஆலோசகர் என உணர்கிறான், எவ்வாறு அணுகுவதென மயங்குகிறான், செருமுகிறான், மேலதிகாரியிடம் விண்ணப்பிப்பவன்போல் நாக்குழறுகிறான். மூக்கோ அவன் உடுப்பின் பொத்தான்களை நோக்கி, இருவரும் வெவ்வேறு திணைக்களத்தவர் எனக் கூறி அகல்கின்றது. தன் உறுப்புக்கே ஒருவனை அஞ்சவைத்தது மூக்கன்று, தொப்பியின் இறகே.

தமிழில் மூக்கறுபடுதல் மானக்கேட்டைக் குறிக்கும். இரசிய மொழியிலோ 'மூக்கோடு விடப்படுதல்' என்பது ஏமாற்றமடைதலைக் குறிக்கும் மரபுத்தொடர். கொவலியோவுக்கு ஒரு சீமாட்டி எழுதும் கடிதத்தில் கோகொல் இதனை வைத்து விளையாடுகிறார். தலைநகரில் அரச அலுவலக எழுதுவினைஞராகச் சிறிதுகாலம் உழன்றவராதலின், ஏணியின் கீழ்ப்படிகளை அவர் நன்கறிவார்.

1845இல் குடிசார் சேவையிற் பரம்பரைப் பிரபுத்துவத்துக்குரிய தரம் 5ஆக உயர்த்தப்பட்டது. அப்புதிய விதியின்படி நோக்கின் கொவலியோவுக்கு அச்சிறப்பு எட்டாது. அவன் மூக்குக்கு எட்டும்! 1917ஆம் ஆண்டுப் புரட்சியோடு பட்டியல் முற்றாக ஒழிந்தது.

கதையிலோ ஏப்பிரில் 7ஆந் திகதி மூக்கு மீண்டும் முகத்தில் வந்தமர்கின்றது. மகிழ்ந்த கொவலியோவ் கடைக்குச் சென்று, தனக்கு எவரும் வழங்காத விருதொன்றின் நாடாவை விலைகொடுத்து வாங்குகிறான்.