பரண்மேல் ஒரு காவல்



திருத்தணிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மலையின் ஒரு பக்கம் வெளுத்திருக்கும், இன்னொரு பக்கம் கறுத்திருக்கும். வெளுத்ததைப் பச்சரிசி மலை என்றும் கறுத்ததைப் பிண்ணாக்கு மலை என்றும் ஜனங்கள் சொல்வார்கள். சாமி குடியிருக்கிற மலைக்கே அரிசியும் பிண்ணாக்கும் பெயராக வந்திருக்கிறது என்றால், அந்தப் பெயரை வைத்தவன் நம்மைப் போல ஒரு விவசாயியாகத்தான் இருக்க வேண்டும். அங்கே முருகன் கைப்பிடித்த வள்ளியும் சும்மா இருந்த பெண் இல்லீங்க. தினைப்புனத்துக்குக் காவல் இருந்தவள். பரண்மேல் உட்கார்ந்து கவண் வீசிக் கிளி ஓட்டியவள். இன்றைக்கு அந்தப் பரணைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வள்ளி காவல் இருந்த புனம் வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில் இருந்தது என்பது ஐதீகம். காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் கடைசியில் இந்தக் கல்யாணத்தைப் பாடியிருக்கிறார். வேடன் வேஷத்தில் வில்லும் கையுமாக வருகிற முருகன் கீழே நிற்கிறான். வள்ளி பரண்மேல் இருக்கிறாள். வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையில் வில் ஒருவர் கையில், பரண் இன்னொருவருக்கு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த காலமும் உண்டு. அதற்குச் சாட்சி பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம்.

583 அடி கொண்ட அந்தப் பாட்டைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பரிசு வாங்கப் போகிற கூத்தர்களுக்கு மலை வழியில் என்னென்ன பார்க்கலாம், எதற்கு ஜாக்கிரதையாக இருக்கணும் என்று வழி சொல்கிற பாட்டு அது. விளைந்த புனத்தைப் பன்றி அழித்துவிடும் என்று பயந்து, அது நுழைகிற சந்துகளில் பெரிய கல்லால் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போங்கள் என்கிறார் புலவர். உயரமான பரணில் ஏறிக் கைதட்டி, கவண் கல் எறிந்து யானையை விரட்டுவார்கள், அந்தக் கல் உங்கள்மேல் படாமல் மரத்தை மறைவாக வைத்து நடங்கள் என்கிறார். அப்புறம் நமக்கு வேண்டிய சங்கதி வருகிறது. பரணில் இருந்த காவல்காரன் விட்ட அம்பு மார்பில் தைத்து, வழியில் ஒரு காட்டுப்பன்றி விழுந்து கிடக்கும். மண்ணைக் கிளறிய கொம்பும் சொரசொரத்த கழுத்துமாக, இருட்டை ஒரு துண்டு வெட்டிப் போட்ட மாதிரி கிடக்குமாம். கண்டால் தீயில் வாட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று யோசனையும் சொல்கிறார்!

மரத்தின்மேல் இருந்து அம்பு விடுகிற வித்தைக்கு இதைவிடப் பழைய சாட்சி வேறு தேட வேண்டியதில்லை. அந்தக் காவல்காரனுக்குப் பழந்தமிழில் சேணோன் என்று பெயர். சேண் என்றால் உயரம், தூரம். உயரத்தில் இருக்கிறவன் சேணோன். பரணுக்கு இதணம் என்றும் கழுது என்றும் பெயர்கள் இருந்தன. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் இருந்தால் அது அன்றாடம் புழங்கிய பொருள் என்றுதானே அர்த்தம்?

எல்லாப் பரணும் கொல்வதற்காகக் கட்டியது இல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் பகல் காவல் பெண்களுடையது. தழல், தட்டை, குளிர் என்று சத்தம் எழுப்பும் கருவிகளை வைத்துக் கிளியை ஓட்டுகிறார்கள். இரவுக் காவலில் நெருப்பு சேர்ந்துகொள்ளும். பரண்காரன் ஏற்றிய கொள்ளி வானத்து நட்சத்திரம் போல மின்னுவதைக் குறுந்தொகையில் ஒரு பாட்டுச் சொல்கிறது. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். வேட்டைக்குக் கட்டும் பரண் ஒளிந்திருக்க வேண்டும். காவலுக்குக் கட்டும் பரண் ஊருக்கும் மிருகத்துக்கும் தெரிய வேண்டும். ஒன்றில் மூச்சு விடக்கூடாது, மற்றதில் தொண்டை வற்றக் கத்தணும். மரம் தேர்வு செய்வதிலும் இந்த வித்தியாசம் உண்டு. அம்பு எட்டும் தூரம் குறைச்சல். ஆகையால் வில்லாளி பன்றி நுழைகிற சந்துக்குப் பக்கத்திலேயே மரம் பார்க்கணும். காற்று பன்றி வரும் திசையிலிருந்து தன் பக்கம் அடிக்கணும். மாறி அடித்தால் வாசனை பிடித்துத் திரும்பிவிடும். பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு கூர்மை. காவல்காரனுக்கோ நாலா பக்கமும் பார்வை ஓடுகிற மேட்டு மரம் வேண்டும். காற்று அவன் வாசனையைக் கொண்டுபோய்ப் பன்றிக்குக் கொடுத்தால் அவனுக்கு நல்லதுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒளிந்திருக்கும் பரணுக்கு மவுசு வந்தது. அவர்கள் அதை மச்சான் என்றார்கள். அக்கா புருஷன் இல்லீங்க, இது இந்தி வார்த்தை. மஞ்சம் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு உறவு. தெலுங்கில் சோளக்கொல்லைப் பரணுக்கு மஞ்செ என்று பெயர். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இரண்டு பாஷையும் கலந்து புழங்குகிற எல்லை. திருத்தணி வழியாகப் போகிற ரயிலில் ரேணிகுண்டாவைத் தாண்டி கடப்பை பக்கம் போனால் மாமண்டூர் என்று ஒரு ஸ்டேஷன் வரும்; செங்கல்பட்டுப் பக்கத்து மாமண்டூர் இல்லை. அங்கே ஆள்தின்னிப் புலியைத் தேடிப் போன கதையை பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் 1957-இல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மரத்தில் நார்க்கட்டிலைக் கட்டித் தழை போட்டு மறைத்து, பொழுது சாய்வதற்கு முன்பே ஏறி, இருமாமல் தும்மாமல் விடியும் வரை காத்திருப்பது அந்தக் கால வேட்டைக்காரர் வழக்கம். கையில் வில் போய்த் துப்பாக்கி வந்துவிட்டது. பரண் மட்டும் அதேதான்.

அமெரிக்காவில் வில் வேட்டை இன்றைக்கும் லைசென்ஸ் வாங்கிச் செய்கிற பொழுதுபோக்கு. அவர்கள் பரணையே முதுகில் கட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். ஒன்று உட்கார, ஒன்று கால் வைக்க. இரண்டும் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மேல் சட்டத்தை ஏற்றி அதில் பாரத்தைப் போட்டு, காலால் கீழ்ச் சட்டத்தை இழுத்து, இப்படியே ஏறிவிடலாம். நம்ம பனையேறி தளைநாரைப் போட்டுப் பனையில் ஏறுகிற தத்துவம்தான் இது. ஆனால் கிளையில்லாத நேர் மரத்துக்குத்தான் சரிப்படும். நம்ம புளிக்கும் வேம்புக்கும் இது ஆகாது. அங்கே பெரிய ஆபத்து மிருகத்தால் இல்லை, விழுவதால். அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும். ஆகவே உடம்பு முழுக்க வார் மாட்டி மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

நம்ம நாட்டில் வேட்டைக் கதையை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முடித்து வைத்தது. வில்லோ, துப்பாக்கியோ, கண்ணியோ, எதுவானாலும் அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம். ஆனால் பன்றிக்குச் சட்டம் தெரியாதே! வேர்க்கடலை காய் பிடிக்கும் நேரம் பார்த்துக் கூட்டமாக இறங்கும். ஒரே ராத்திரியில் கொல்லையை உழுதுபோட்ட மாதிரி ஆக்கிவிடும். கடன் வாங்கிக் கடலை போட்டவன் வயிறு எரிவது நியாயம்தான்.

அந்த எரிச்சலில் செய்வதுதான் விபரீதமாகிறது. வேலிக் கம்பியில் திருட்டுக் கரண்ட் விடுகிறார்கள். பழத்துக்குள் வெடி வைக்கிறார்கள். மேற்கு மாவட்டங்களில் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். கரண்டுக்குப் பன்றி என்றும் தெரியாது, மனுஷன் என்றும் தெரியாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லைக்காரர், ஏன், கம்பி கட்டியவரே, அதில் சிக்கிச் செத்துப்போன சேதிகளைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பரணில் விழித்துக்கொண்டு ஒரு ஆள் இருந்தான். எதிரே வருவது யார் என்று பார்த்தான். கம்பி பார்ப்பதில்லை. எனக்கு இரண்டுக்கும் நடுவே தெரிகிற பெரிய வித்தியாசம் இதுதான்.

பன்றித் தொல்லைக்கு அரசு ஒரு வழி சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள், நாம் இல்லை. சேதம் ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் உடனே எழுதிக் கொடுங்கள். கொல்லையைச் சரிசெய்வதற்கு முன்னால் அவர்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் பரண்தான் கைகொடுக்கும். நாலைந்து கொல்லைக்காரர்கள் சேர்ந்து ஒரு பரண் போட்டு, முறை வைத்துக் காவல் இருந்தால் யாருக்கும் தினம் தூக்கம் கெடாது. மரத்தில் கட்டுவதானால் வேம்பு, புளி, புங்கன் பாருங்கள். முருங்கை வேண்டவே வேண்டாம், படக்கென்று முறியும். ஒதியனும் அப்படித்தான், ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள்? பட்டுப்போன கிளையில் ஒரு கயிறுகூடக் கட்டாதீர்கள். மரம் சரியில்லை என்றால் நாலு கால் நட்டுப் பரண் போடுவது உத்தமம். போன வருஷத்துக் கயிறு வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருக்கும், புதுசு மாற்றுங்கள். ஏறுவதற்கு ஏணி வையுங்கள். மேலே போனதும் இடுப்புக் கயிற்றை மரத்தில் கட்டிக்கொள்ளுங்கள்; தூக்கம் சொல்லிக்கொண்டு வராது. டார்ச் லைட், தகர டின், குரல் கொடுக்க எட்டும் தூரத்தில் இன்னொரு ஆள், இவை போதும். இடி மின்னல் வந்தால் தனி மரத்தில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, இறங்கி வீட்டுக்குப் போய்விடுங்கள். யானை நடமாடுகிற ஊர்களில் தனி ஆள் பரணில் தங்க வேண்டாம்; வனத்துறைக்குச் சேதி சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.