இரவை வாங்கித் தரும் சுவர்

வீட்டிலேயே ஒலிப்பதிவு ஸ்டுடியோ கட்டிக்கொள்ளும் வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், வாடகை மிச்சம் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான். 1960களின் தொடக்கத்தில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம். பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலுள்ள 14 பாடல்களில் 10 பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், மூன்று செஷன்களில் பதிவாயின. கைதேர்ந்த குழுவுக்கு அது போதும். மெட்டையே ஸ்டுடியோவில் உட்கார்ந்து தேடுகிறவனுக்குக் கடிகாரம்தான் முதல் எதிரி. அவன் ஒலி புகாத சுவர் எழுப்பியது பணத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. யாரையும் கேட்காமல் எந்த நேரத்திலும் வேலை செய்யும் உரிமைக்காக. வீட்டு ஸ்டுடியோவின் வரலாற்றை அந்த உரிமையின் வரலாறாகப் படிப்பதே பொருத்தம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைப் பாருங்கள். 1959இல் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் பெற்றுத் தொழில் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதே ஆண்டு வெஸ்ட் கிராண்ட் பூல்வாரில் ஒரு வீட்டை வாங்கினார். மாடியில் குடித்தனம், பின்புறம் புகைப்பட நிலையமாக இருந்த பகுதி ஒலிப்பதிவு அறையாயிற்று. காலை 8 முதல் 10 வரை பராமரிப்பு நேரம் போக, மற்ற 22 மணி நேரமும் அது திறந்தே இருந்தது. நள்ளிரவில் தோன்றிய யோசனையை அப்போதே வாசித்துப் பார்க்க முடிந்ததால்தான் அவ்வளவு பாடல்கள் அங்கிருந்து வந்தன. வளர வளர, அதே தெருவில் அக்கம்பக்கத்து வீடுகளையும் நிறுவனமே வாங்கிக்கொண்டது. அலுவலகத்துக்கு இடம் தேடித்தான் வாங்கினார்கள். ஆனால் சத்தத்துக்கு ஆட்சேபம் சொல்லக்கூடிய அண்டை வீட்டார் குறைந்ததும் அதன் பலன்.

அந்த வசதி இல்லாதவர் ஆங்கிலேய இசைப்பதிவுத் தயாரிப்பாளர் ஜோ மீக். லண்டன் ஹாலோவே சாலையில் தோல்பொருள் கடைக்கு மேலே இருந்த வாடகை வீடுதான் அவருடைய ஸ்டுடியோ. 1962இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த ‘டெல்ஸ்டார்’ என்ற வாத்திய இசை அங்கே பிறந்தது. 1964இல் ஹனிகோம்ப்ஸ் குழுவின் பாட்டுக்குத் தாள ஓசை போதவில்லை என்று குழுவினரை மரப்படிக்கட்டில் நின்று காலால் உதைக்கச் சொன்னார். சைக்கிள் கிளிப்புகளால் ஐந்து மைக்குகளைக் கைப்பிடியில் மாட்டி அதைப் பதிவு செய்தார். கீழே இருப்பவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! வீட்டுக்கார அம்மாள் கூரையைத் துடைப்பக் கட்டையால் இடிப்பது வழக்கம். மீக் சத்தத்தை இன்னும் கூட்டுவார். திறமைக்கோ கருவிக்கோ அங்கே குறைவில்லை. குறைவெல்லாம் சுவரிலும் தரையிலும்தான்.

வீட்டு ஸ்டுடியோ கட்டுகிற பலர் நிலவறையை நாடுவதன் காரணம் இங்கே தெளிவாகிறது. ஒலியைத் தடுப்பது எடை. ஒற்றைச் சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டளவில் சுமார் 6 டெசிபல்தான் குறையும் என்பதால், செங்கல்லை அடுக்கிக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. நிலவறையில் நான்கு பக்கமும் மண்ணே அந்த எடையை இலவசமாகத் தருகிறது. பலவீனம் தலைக்கு மேல்: மரத்தளத்தின் உத்திரங்கள் வழியே டிரம்ஸ் அதிர்வு மேலேறும், மேலே நடப்பவரின் காலடி கீழே இறங்கும். அதனால்தான் ரப்பர் தாங்கிகளில் தொங்கும் தனிக் கூரையும், வெளிச்சுவரைத் தொடாத உட்சுவருமாக அறைக்குள் அறை கட்டுகிறார்கள். முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும் உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் அடக்குமே தவிர, வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. கதவடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

இதற்கு மறுப்பு உண்டு. 1967இல் பாப் டிலனும் பின்னாளில் ‘தி பேண்ட்’ எனப் பெயர் பெற்ற குழுவும் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் சாகர்டீஸில் ‘பிக் பிங்க்’ வீட்டு நிலவறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளைச் செய்தார்கள். சிமென்ட் சுவர், நடுவே இரும்பு உலை. ஒலியியல் பாடநூல் சொல்லும் எதுவும் அங்கில்லை. ஆனால் அந்த வீடு காட்டுப்பாங்கான இடத்தில் தனித்து நின்றது. சுவர் செய்ய வேண்டிய வேலையைத் தூரம் செய்தது. நெருக்கமான நகரத்தில் அந்தத் தூரத்தைக் கட்டித்தான் எழுப்ப வேண்டும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தபோது, பெரிய ஸ்டுடியோக்களுக்கு அந்தப் பகுதியில் பஞ்சமில்லை. இருந்தும் தனி ஸ்டுடியோ வேண்டியிருந்தது. இரவில் வேலை செய்கிறவர் என்று பெயரெடுத்தவருக்கு அதன் பயன் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

கணினியும் ஹெட்போனும் வந்தபின் சுவர் எதற்கு என்பது இன்றைய கேள்வி. கீபோர்டுக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் அது நியாயமே. தவில், டிரம்ஸ், முழுத் தொண்டையில் பாடும் குரல் ஆகியவற்றுக்கு ஹெட்போன் விடையாகாது. தெரு ஹாரன் மைக்கில் விழுவதையும் அது தடுக்காது. ஆகவே நிலவறையில் ஸ்டுடியோ கட்டுகிறவர் எத்தனை டெசிபல் குறையும் என்பதோடு நிறுத்தாமல், இரவு எத்தனை மணிக்கு, எந்த வாத்தியத்தை வாசிக்கப் போகிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏற்பத்தான் சுவரின் கனமும் செலவும் அமைய வேண்டும்.