கல்வெட்டின் படியும் பத்திரத்தின் நகலும்

திருவரங்கத்துக் கோயில் மதில்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளைக் காண்கிறோம். இன்னார் இன்ன நிலத்தை இன்ன காரியத்திற்கு அளித்தார் என்பதே அவற்றுள் பலவற்றின் சாரம். அக்காலத்தில் கல்லே பத்திரம், ஊராரே சாட்சி.

அந்தக் கல்லையே பெயர்க்க நேர்ந்தால் என்ன செய்வது? திருவரங்கத்திற்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி இதற்கு விடை கூறுகிறது. அங்குள்ள கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1013 அளவில், ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. மூலம் மறைந்த காரணம் ஊரறிந்தது, படியெடுத்தது அரசாணைப்படி. ஆகவே அந்தப் படிக்கு மதிப்பிருந்தது.

1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் இதையொத்த நெறியையே கொண்டது. 2024 ஜூலையில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டமும் இந்நெறியைக் கைவிடவில்லை. அசலைக் காட்ட வேண்டும். அது தொலைந்தது அல்லது எதிரியின் கையில் உள்ளது என்று மெய்ப்பித்தால், அசலோடு ஒத்ததென நிறுவப்பட்ட நகலைக் காட்டலாம்.

ஆனால், பதிவு செய்யாத கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ் நகலுக்கு இதனால் உயிர் வந்துவிடாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மனையின் கிரயம் பதிவாக வேண்டும். பதிவாகாத பத்திரம், அனுபவம் எத்தகையது என்பது போன்ற பக்கச் செய்திகளுக்கே பயன்படும். அசலுக்கு இல்லாத வலிமை நகலுக்கு ஏது? முத்திரைக் கட்டணம் குறைந்த அசலை அபராதம் செலுத்திச் சீர்செய்யலாம். நகலுக்கு அந்த வழியும் இல்லையென உச்ச நீதிமன்றம் 1971-லும் 2007-லும் தீர்ப்பளித்தது.

நம் ஹிபாவின் நிலை வேறு. கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தும் ஒப்படைக்கப்பட்டால் போதும். எழுதிவைத்தாலும் பதிவு கட்டாயமன்று என 2011-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. எனினும், ஒப்படைத்ததை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? வாப்பாவும் சாட்சிகளும் மறைந்தபின், பெட்டியில் ஒரு நகல் மட்டும் கிடந்தால், உடன்பிறந்தாரே எதிரெதிர் வழக்காட நேரும்.

கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கப் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது. ஆதலின் ஹிபாவையும் பதிவு செய்வோம், பட்டாவையும் வரி ரசீதையும் பெற்றவர் பெயருக்கு மாற்றுவோம், அசலைப் பேணுவோம். நம் மக்களின் ஒற்றுமைக்கு அதுவே காப்பு.