கப்பலேட்டில் வாழும் குடும்பங்கள்

தமிழகத்து உழவர் குடும்பம் ஒன்றின் வரலாற்றை ஐந்து தலைமுறைக்கு அப்பால் எழுத்துச் சான்றுடன் அறிய முற்படுவோர் பெரிதும் இடர்ப்படுவர். கோயிற் கல்வெட்டுகள் கொடையளித்தோரைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. ஊர்க் கணக்குகளில் பட்டா உடையோர் இடம்பெறுகின்றனர். பிறர் நிலத்தில் உழுதும் நட்டும் களையெடுத்தும் வாழ்ந்தோரின் பெயர்கள் இவ்விரண்டிலும் அரிதாகவே காணப்பெறும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம், இந்நாட்டு நிலம் எத்துணை நுட்பமாக அளக்கப்பட்டது என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது. நிலத்துக்குக் கிடைத்த எழுத்து, அதில் உழைத்தோர்க்குக் கிடைக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1871-இல் விரிவான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. டாக்டர் கார்னிஷ் தொகுத்த அறிக்கை, மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்களைச் சமயம், சாதி, தொழில் என வகுத்துக் காட்டுகின்றது. ஆயின் வீடுதோறும் எழுதப்பட்ட படிவங்கள் தலைமுறைகட்கெனக் காக்கப்படவில்லை. அறிக்கையில் தொகை உண்டு. ஆளின் பெயர் இல்லை.

அயர்லாந்தின் நிலை இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிய, பெரும்பஞ்சம் சூழ்ந்து, பல இலட்சம் மக்கள் கடல் கடந்தனர். அவர்தம் தாயகத்தில் 1821 முதல் 1851 வரை எழுதப்பட்ட கணக்கேடுகளுள் பெரும்பாலானவை 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்தது. ஆதலின் அக்குடும்பங்களைத் தேடுவோர் குடியேறிய நாட்டின் ஏடுகளையே நாடுகின்றனர். 1850-இன் அமெரிக்கக் கணக்கெடுப்பு, அடிமைகள் நீங்கலாக, வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் பெயரிட்டு எழுதியது. எனினும் பிறந்த இடம் என்னும் பத்தியில் பெரும்பாலும் அயர்லாந்து என்ற நாட்டுப்பெயர் மட்டுமே உண்டு; ஊர்ப்பெயர் இல்லை.

நேட்டால் கப்பலேடுகள்

தமிழருள்ளும் கடல் கடந்த குடிகட்கே இத்தகைய பெயரேடு வாய்த்தது. 1860 அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் ஒப்பந்தத் தொழிலாளர் 342 பேர் இருந்தனர். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் கரும்புத் தோட்டம் முதலிய பணிகட்காக நேட்டாலுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஏறத்தாழ மூவரில் இருவர், தமிழரும் தெலுங்கருமாய்ச் சென்னைத் துறையில் கப்பலேறியோர் ஆவர்.

ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. எண்ணின் எதிரே பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியன எழுதப்பட்டன. பெண்டிர்க்கும் சிறார்க்கும் தனித்தனி எண் உண்டு. ஆளை அடையாளம் காணும் பொருட்டு அதிகாரிகள் எழுதிய ஏடு இது, அன்பினால் எழுதப்பட்டதன்று. ஆயினும் அயர்லாந்துக் குடியினர்க்குக் கிட்டாத ஊர்ப்பெயர் இதில் உள்ளது. இவ்வேடுகளை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா எழுதிய ஆய்வுநூல் 1991-இல் வெளிவந்தது.

குடும்பத்தைத் தேடுவோர்க்கு அவ்வெண்ணே திறவுகோல். மூதாதையரின் பழைய தாள்களில் எண் கிடைப்பின், அதனைக் கொண்டு கப்பலையும் சேர்ந்த நாளையும் அறியலாம். அடுத்தடுத்த எண்களில் ஒரே ஊர் குறிக்கப்பட்டிருப்பின், அவர்கள் உறவினராகவோ ஊராராகவோ இருத்தல் கூடும்.

எழுத்து மறைத்த பெயர்கள்

இவ்விடத்தேதான் தமிழறிந்தோர் துணை வேண்டப்படுகின்றது. எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறு ஆங்கிலத்தில் எழுதினர். முனுசாமி, மூன்சாமி ஆனார். கவுண்டர் என்னும் பட்டம் கோவெண்டர் எனவும், முதலி என்பது மூட்லி எனவும் திரிந்து குடும்பப் பெயர்களாய் நிலைத்தன. சிலர்க்குத் தந்தை பெயரே குடும்பப் பெயராயிற்று. எனவே ஒரு தந்தையின் மக்கள் வழியினர் வெவ்வேறு குடும்பப் பெயர் தாங்குதலும் உண்டு.

ஊர்ப்பெயர்கள் இதனினும் கடியன. ல, ள, ழ என்னும் மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. குறிலும் நெடிலும் மயங்குகின்றன. புதூர், நல்லூர் போன்றன மாவட்டந்தோறும் பல உள. கிண்டி அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆகவே செங்கற்பட்டு எனக் குறித்த வரிகளைப் படிப்போர், இன்று மாநகரத்துள் அடங்கிவிட்ட சிற்றூர்களையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மீண்டும் உழவராதல்

ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதலாண்டின் மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் டர்பனைச் சூழ்ந்த பகுதிகளில் சிறு நிலங்களைக் குத்தகைக்குப் பெற்று, காய்கறியும் மக்காச்சோளமும் விளைவித்து நகரச் சந்தையில் விற்றனர். ஊரில் நிலமற்றிருந்தோர் பலர் அயல்மண்ணில் தம் பொறுப்பில் ஏர்பிடித்தனர். வெள்ளைக் குடியேறிகள் அதனைப் பொறுத்திலர். திரும்பும் கப்பற் செலவுக்கு ஈடாக நிலம் பெறும் வழியை 1891-இன் சட்டம் அடைத்தது. ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர்க்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரியை 1895-இன் சட்டம் விதித்தது. அது முதலாண்டுக் கூலியில் ஆறு மாதத் தொகையாகும். காந்தியடிகள் தலைமையில் தொழிலாளர் பெருந்திரளாய் எழுந்த 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்தை அடுத்து, 1914-இல் அவ்வரி நீக்கப்பட்டது.

உரிமையாளன் அடித்ததால் பல்லுடைந்து, குருதி சிந்தத் தம்மிடம் வந்த பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். அடிகளின் நினைவாக 1956-இல் கிண்டியில் மண்டபம் எழுந்தது. பாலசுந்தரம் நூலில் வாழ்கின்றார். அவரோடொத்த பல்லாயிரவர் கப்பலேட்டின் ஒரு வரியில் மட்டுமே வாழ்கின்றனர்.

தமிழுலகின் கடன்

பாரதியார் பீஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்டிரின் துயரைப் பாடினார். அத்துயரின் மறுபுறம், ஊரும் பெயரும் இழந்த வழித்தோன்றல்களின் தேடலாய் இன்றும் தொடர்கின்றது. ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' வகுத்த நெறியில் வட்டந்தோறும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, கப்பலேட்டின் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இயலும் செயலே. மறைந்த சிற்றூர்கள், வழக்கொழிந்த பெயர்கள், மக்கள் நாவில் குறுகிய வடிவங்கள் ஆகியவற்றை அம்மண்ணில் வாழ்வோரே அறிவர். ஏடு அவர்களிடம் இருக்கின்றது. அதைப் படிக்கும் நா இங்கிருக்கின்றது. ஒரு மூட்லி குடும்பத்தின் முன்னோரை அவர் பிறந்த ஊரின் சரியான பெயரோடு சேர்த்துச் சொல்ல முடியுமாயின், சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அதனினும் சிறந்த பணி வேறில்லை.