முதலில் தரை, பிறகுதான் கை

1969ஆம் ஆண்டு டெல் அவிவில் 13 பேர் மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் தொழில் கற்கச் சேர்ந்தார்கள். அடுத்தவர் உடம்பைத் தொட்டு, அந்தத் தொடுகை வழியாக மூளைக்குப் பாடம் சொல்வதுதான் தொழில். மசாஜ் செய்கிறவர்களும் பிசியோதெரபி பார்க்கிறவர்களும் இன்று நரம்பு மண்டலத்தைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். அந்தப் பேச்சின் வரலாற்றில் இந்த 13 பேர் வகுப்புக்குப் பெரிய இடம் உண்டு. பிசியோதெரபி படித்தவன் நான். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன். அந்தத் தசையை ஆட்டுவிக்கிற மூளையைக் கையால் எட்ட முடியும் என்று எனக்குப் புரியவைத்தவை ஃபெல்டன்கிரைஸின் பாடங்கள்.

அவர் மருத்துவர் இல்லை. 1904இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஸ்லாவுடா என்ற ஊரில் பிறந்தார். பதின்ம வயதிலேயே பாலஸ்தீனத்துக்குப் போய்க் கூலிவேலை பார்த்தார். 1929இல் கால்பந்து ஆடும்போது முழங்காலில் பலத்த அடி. அப்புறம் பாரிஸ்: பொறியியல் படிப்பு, இயற்பியல் விஞ்ஞானி ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை, ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் அறிமுகம், ஜூடோவில் கறுப்புப் பட்டை. 1940இல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது பிரிட்டனுக்குத் தப்பிப்போய், கடற்படைக்காக நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தார். வழுக்கும் கப்பல் தளங்களில் நடந்து நடந்து பழைய முழங்கால் மறுபடி மக்கர் செய்தது. அறுவை சிகிச்சை செய்தாலும் குணமாவது பாதிக்குப் பாதிதான் என்றார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, உடற்கூறியலும் நரம்பியலும் தானே படித்தார். படுத்துக்கொண்டு காலை அணு அணுவாக அசைத்து, முழங்கால் மடங்கும்போது இடுப்பு என்ன செய்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனித்தார்.

அந்தக் கடற்படை ஆராய்ச்சியில் ஸ்காட்லாந்தில் உடன் வேலை பார்த்த விஞ்ஞானிகளுக்கு இதைப் பற்றி அவர் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்ததுதான் 1949இல் வெளிவந்த 'பாடி அண்ட் மெச்சூர் பிஹேவியர்' என்ற புத்தகம். நாம் நிற்பதும் நடப்பதும் மூளை கற்றுக்கொண்ட பழக்கங்கள், கற்றதை மாற்றிக் கற்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

கையால் வேலை செய்கிறவர்களுக்கு அவர் கொடுத்த பெரிய கொடை, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் வேபரும் ஃபெக்னரும் கண்ட ஒரு விதியிலிருந்து வருகிறது. தூக்கியிருக்கும் எடையில் ஏறக்குறைய 40இல் ஒரு பங்கு மாறினால்தான் மாற்றம் நமக்குத் தெரியும். 20 கிலோ சுமப்பவருக்கு அரை கிலோ கூடினால்தான் உறைக்கும். கையில் 400 கிராம் வைத்திருப்பவருக்கு 10 கிராமே போதும். பலமாக அழுத்தினால்தான் பலன் என்று நம்பும் தொழிலில் இது தலைகீழான சேதி. அழுத்துகிற கைக்கு எதுவும் தெரியாது. அழுத்தப்படுகிற உடம்போ தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். கற்றுக்கொள்ளாது.

அவர் செய்துகாட்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார். ஃபெல்டன்கிரைஸ் ஒரு தட்டையான பலகையை அவருடைய உள்ளங்காலுக்கு நேராகக் கொண்டுவந்து, சுண்டுவிரல் பக்கம் மெல்ல ஒற்றி எடுக்கிறார். பிறகு பெருவிரல் பக்கம். பிறகு குதிகால். படுத்திருக்கும் ஆளின் பாதம் பலகையைத் தரையென்று எடுத்துக்கொள்கிறது. அதன் சாய்வுக்கேற்ப கணுக்கால் திரும்புகிறது, முழங்காலும் இடுப்பும் நிற்கத் தயாராகின்றன. யாரும் காலைப் பிடித்து இழுக்கவில்லை, தொடையைப் பிசையவில்லை. செயற்கைத் தரை என்று இதற்குப் பெயர். நிற்கிற பாரம் இல்லாததால் பழைய பழக்கம் தலையிடாது. மூளை புதிதாக ஒரு வழி பார்க்கும். எங்கள் தொழிலில் இதைவிட அழகான கைவேலையை நான் பார்த்ததில்லை.

1950களில் இஸ்ரேல் திரும்பியபின் டெல் அவிவின் அலெக்சாண்டர் யனாய் தெருவில் வாரந்தோறும் வகுப்பு எடுத்தார். தனித்தனியாக ஆட்களைப் பார்த்தது நஹ்மானி தெருவில். முதுகுவலியோடு வந்த பிரதமர் பென்-குரியன் எழுபது வயதுக்கு மேல் கடற்கரையில் தலைகீழாக நின்ற புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. பேர் வந்தது. ஆனாலும் யனாய் தெருவில் பதிவான 500க்கும் மேற்பட்ட பாடங்கள்தான் என்னைப் பொறுத்தவரை உண்மையான சொத்து.

அந்த 13 பேரின் பயிற்சியிலும், தன் முழங்காலுக்கு அவர் கண்ட அதே வழிதான். சேர்ந்தவுடன் யாருக்கும் மேசையும் ஆளும் கிடைக்கவில்லை. தரையில் படு. எந்தக் குதிகால் அழுத்தமாகப் பதிகிறது, இடுப்புக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பார். ஒரு பக்கத்தை மட்டும் அசைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடு. தன் உடம்பில் இந்த வித்தியாசம் தெரியாதவர் அடுத்தவர் உடம்பில் எதைத் தேடுவார்? தன்னிடம் வருகிறவர்களை நோயாளி என்று அழைக்காமல் மாணவர் என்றே அழைத்ததும் இதனால்தான்.

1975இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பயிற்சியில் 60க்கும் மேற்பட்டோர். 1980இல் மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்டில் 200க்கும் மேல். டெல் அவிவில் ஒவ்வொருவர் கைமேலும் தன் கையை வைத்து, போதும், இன்னும் லேசாக என்று சொல்ல அவரால் முடிந்தது. 200 பேருக்கு அது நடக்காது. முறை உலகுக்குப் பரவியது அங்கிருந்துதான், மறுக்கவில்லை. கைப்பழக்கம் மட்டும் அங்கே நீர்த்தது என்பது என் கணிப்பு. 1981இல் அவர் நோயில் விழுந்தார். மீதிப் பாடத்தை உதவியாளர்கள்தான் எடுத்து முடித்தார்கள். 1984 ஜூலை 1 அன்று காலமானார்.

இன்றும் பல நாடுகளில் இந்தப் பயிற்சி மூன்று நான்கு ஆண்டுகளில் பரவிய ஏறத்தாழ 160 நாள் பாடம். மசாஜ் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நீளமாகத் தெரிகிறது. மூளைப் படம் போட்டு வாரக்கடைசியிலேயே நரம்பியல் சொல்லித்தரும் வகுப்புகளைத் தேடிப் போகிறார்கள். நரம்பின் பெயர்கள் இரண்டு நாளில் வந்துவிடும். 10 கிராம் வித்தியாசம் உணரும் கை அப்படி வராது. பாடத்தைச் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால், பெயர்களைக் குறைத்துக்கொள்ளட்டும். தரையில் படுக்கிற மணி நேரங்களில் கைவைக்க வேண்டாம்.