தார்ச்சாலையின் குளிர்முறை மறுசுழற்சி: வரலாறு

பழுதடைந்த தார்ச்சாலையின் அடுக்குகளைச் சுரண்டி, அந்த ஜல்லியைச் சூடாக்காமலேயே புதிய பிணைப்பொருளுடன் கலந்து, மீண்டும் சாலை அடுக்காகப் பரப்பி இறுக்கும் முறை குளிர்முறை மறுசுழற்சி எனப்படும். பேச்சு வழக்கில் 'தார்' என்று சொல்லப்படுவது, பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பிட்டுமன் ஆகும்.

தார்க்கலவையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு ஜல்லியும் மணலும். பிட்டுமன் 5 பங்கு அளவே. சாலை வெடிக்கும்போது கருங்கல் பெரிதும் கெடுவதில்லை. பிட்டுமனே வெயிலாலும் காற்றாலும் இறுகி நெகிழ்வை இழக்கிறது. எனவே பழைய சாலை ஒரு கல்குவாரிக்குச் சமம். இக்கருத்து எளிதாயினும், நடைமுறையில் பரவ நெடுங்காலம் ஆயிற்று. குளிர்ந்த கல்லில் ஒட்டும் பிணைப்பொருள், சாலையை வெட்டும் இயந்திரம், அதற்கான பொருளாதாரத் தேவை ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் அமைந்ததே அதற்குக் காரணம்.

குளிர்ந்த கல்லில் ஒட்டும் பிட்டுமன்

சாதாரண வெப்பநிலையில் பிட்டுமன் கெட்டியானது. அது கல்லின்மேல் படிய வேண்டுமானால், பிட்டுமனையும் கல்லையும் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். சாலைப் பணியில் எரிபொருள் பெருமளவில் செலவாவது இதற்காகவே.

இதற்கு முதல் மாற்று பிட்டுமன் பால்மம். பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல், நீரில் நுண்ணிய பிட்டுமன் துளிகள் மிதக்கும். நீர் பிரிந்ததும் துளிகள் ஒன்றுசேர்ந்து கல்லைப் பிணைக்கும். 1920களிலேயே இங்கிலாந்தில் இது சாலைப் பணிக்கு வந்துவிட்டது.

இரண்டாம் மாற்று நுரைத்த பிட்டுமன். 1950களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாடிஸ் சான்யி, சூடான பிட்டுமனில் நீராவியைச் செலுத்தி நுரையாக்கினார். தரமான ஜல்லி குறைந்த பகுதிகளில், உள்ளூர் மண்ணையும் மட்டமான சரளையையும் கொண்டு சாலை அமைப்பதே அவர் நோக்கம். ஆனால் பணியிடத்துக்குக் கொதிகலனைக் கொண்டுசெல்வது எளிதாக இல்லை. 1968ஆம் ஆண்டில் காப்புரிமையைப் பெற்ற ஆஸ்திரேலியாவின் மோபில் எண்ணெய் நிறுவனம், நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரைச் சேர்த்தது. பிட்டுமன் எடையில் 2 முதல் 3 விழுக்காடு நீரே போதும். அது நொடியில் ஆவியாகி, பிட்டுமனைப் பத்து மடங்குக்கும் மேல் பொங்கச் செய்யும். நுரை அடங்குவதற்குள் கலவை முடிந்துவிட வேண்டும். நுரைத்த பிட்டுமன் பெரிய கற்களை முழுவதும் பூசாது. நுண்துகள்களில் ஒட்டி, கற்களை ஆங்காங்கே புள்ளி புள்ளியாகப் பிணைக்கும்.

எண்ணெய் நெருக்கடியும் இயந்திரமும்

பிட்டுமன் மலிவாகக் கிடைத்தவரை, பழைய சாலைக்குமேல் புதிய அடுக்கைப் போடுவதே வழக்கமாக இருந்தது. 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை அந்நிலையை மாற்றியது. கச்சா எண்ணெயோடு பிட்டுமன் விலையும் ஏறியது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம், தார்ச்சாலை மறுசுழற்சிக்கெனச் செயல்விளக்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

அதே பத்தாண்டில் இயந்திரமும் மாறியது. முன்பு சாலையைத் தீயால் இளக்கிய பிறகே சுரண்டினர். டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த பற்களைக் கொண்ட சுழல் உருளைகள் வந்தபின், குளிர்ந்த சாலையையே விரும்பிய ஆழத்துக்கு வெட்ட முடிந்தது. பின்னர் வெட்டுதலும் பிணைப்பொருள் தெளித்தலும் கலத்தலும் ஒரே இயந்திரத்தில் இணைந்தன. 1990களில் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நுரைத்த பிட்டுமன் பரவலாயிற்று. 2002ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இதற்கெனத் தனி வழிகாட்டி நூல் வெளியானது.

கனரக வாகனங்களைத் தாங்குமா?

எனினும், இது போக்குவரத்துக் குறைந்த சாலைகளுக்கே ஏற்றது என்ற ஐயம் பொறியாளர்களிடம் நீடித்தது. அதற்குப் பெரும் சோதனையாக அமைந்தது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டில் நடந்த பணி. லாரிப் போக்குவரத்து மிகுந்த 81ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையில், தெற்கு நோக்கிய தடத்தில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம் மறுசுழற்சி செய்யப்பட்டது. சாலையிலேயே மறுசுழற்சி செய்தல், சுரண்டியதை அருகிலுள்ள ஆலையில் கலந்து கொண்டுவருதல், அடித்தளம் வரை முழு ஆழத்துக்குப் புதுப்பித்தல் ஆகிய மூன்று முறைகளும் ஒரே பணியில் சேர்ந்தன. லாரிகள் மிகுதியாகச் செல்லும் வலப்பக்கத் தடத்தில் அடித்தளம் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வலுப்படுத்தப்பட்டது. பின்னர் அலபாமாவின் சோதனைத் தடத்திலும் இத்தகைய அடுக்குகள் கனரக லாரிகளின் தொடர் ஓட்டத்தைத் தாங்கின.

வரம்புகள்

பால்மத்தைப் பயன்படுத்தும்போது நீர் வெளியேறி அடுக்கு வலுப்பெற நாட்கள் ஆகும். மழை இதற்குப் பகை. கலவையில் துளைகள் மிகுந்திருப்பதால் மேலே ஒரு காப்படுக்கு தேவை. பழைய சாலை எங்கும் ஒரே தன்மையில் இருப்பதில்லை; ஆகவே முன்கூட்டியே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அடிமண்ணில் நீர் தேங்கிப் பழுதான சாலையை, வடிகாலைச் சீராக்காமல் மறுசுழற்சி செய்வதால் பயனில்லை.

இந்தியாவில்

இந்தியச் சாலைப் பேராயம் தார்ச்சாலை மறுசுழற்சிக்கான வழிகாட்டு நெறிகளை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழ்நாட்டில் இப்பொருளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அடுக்கின்மேல் அடுக்காகச் சாலை உயர உயர, வீட்டு வாசல்கள் தாழ்ந்து, மழைநீர் உள்ளே புகுகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, மட்டம் உயராமலே புதிய அடுக்கைப் போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார்.

சுரண்டுவது இம்முறையின் முதற்பாதி மட்டுமே. சுரண்டிய ஜல்லியை மீண்டும் சாலையாக்கும் மறுபாதியும் சேரும்போதுதான், வீட்டு வாசல் காக்கப்படுவதோடு, புதிய ஜல்லிக்காக மலைகளை உடைப்பதும் குறையும்.