ஒட்டுப் போட்டுக் கற்றவர்கள்

அண்ணன் பையன் பிஇ ரெண்டாம் வருஷம். போன மாசம் முகம் வாடி வந்து உட்கார்ந்தான். "சித்தப்பா, ஓப்பன் சோர்ஸுக்கு கோடு அனுப்பினா புரோகிராமிங் நல்லா வரும்னு சொன்னீங்க. அனுப்பினேன், வேணாம்னு மூடிட்டாங்க."

என்ன அனுப்பினான் என்று பார்த்தேன். அறிமுகக் கோப்பில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்திருந்தான், அவ்வளவுதான். அவனுக்குச் சொன்ன பழைய கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1970களில் புதியவர்களுக்கு நல்ல கோடைப் படிக்கக் கிடைப்பதே அபூர்வம். சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கோடுக்கு விளக்கம் எழுதி மாணவர்களுக்குப் பாடமாக்கினார். மொத்தமே பத்தாயிரம் வரிக்குள்தான். ஏழாம் பதிப்பு வந்தபோது ஏடி அண்ட் டி நிறுவனம், அதை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்திலேயே தடை போட்டது. லயன்ஸின் விளக்கம் ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸாகக் கை மாறியது. முறையாக அச்சுக்கு வந்தது 1996இல்தான்.

பாடம் நடத்த வேறு வழி தேடி ஆம்ஸ்டர்டாமில் டானன்பாம் எழுதியது மினிக்ஸ், 1987இல் வெளிவந்தது. படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம். ஆனா புது வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போக அவர் விரும்பவில்லை. மாணவனுக்குப் புரிகிற அளவில் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவர் பக்க நியாயம்.

இதற்கு நடுவில், 1985இல், லாரி வால் பேட்ச் என்ற சின்ன நிரலை வெளியிட்டார். இரண்டு கோப்புகளுக்கு என்ன வித்தியாசம் என்று காட்டும் டிஃப் யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்தது. அந்த வித்தியாசத்தை இன்னொருவர் கோப்பில், வரிகள் கொஞ்சம் மேலே கீழே நகர்ந்திருந்தாலும், இடம் தேடி ஒட்டுவது பேட்ச்சின் வேலை. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி. எங்கோ இருக்கும் மாணவன் நாலு வரித் திருத்தம் அனுப்பலாம், வாங்குகிறவரும் அந்த நாலு வரியை மட்டும் படித்தால் போதும்.

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுவதாக மினிக்ஸ் குழுவில் அறிவித்தார். அவரே அப்போது 386 கம்ப்யூட்டரைத் தோண்டிக் கற்றுக்கொண்டிருந்தவர்தான். கொஞ்ச நாளில் ஒட்டுகள் வர ஆரம்பித்தன. லினக்ஸ் வளர்ந்ததற்கு உரிமம், இணையம் என்று காரணங்கள் சொல்வார்கள். சரிதான். என் கணக்கில் இன்னொன்றும் உண்டு: வந்த ஒட்டைப் படித்து, இது ஏன் ஆகாது என்று பதில் எழுத அங்கே ஆள் இருந்தார்கள். லினக்ஸ் கெர்னலில் இன்றைக்கும் ஒட்டுகள் மின்னஞ்சலில்தான் போகின்றன, எல்லோர் கண்ணெதிரிலும் திருத்தப்படுகின்றன. ஒரு ஒட்டில் ஒரு மாற்றம்தான், அது ஏன் என்றும் எழுத வேண்டும். புதியவன் கற்பது அந்தப் பதில்களில்தான்.

படிக்கிறவரின் நேரத்துக்கு அளவு உண்டு. 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட், குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தந்தது. 2020இல் அதற்காகவே ஒன்றுக்கும் உதவாத திருத்தங்கள் வந்து குவிந்தன. பராமரிப்பவர்கள் கொதித்துப் போனார்கள். மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் கணக்கில் வரும் என்று விதி மாறியது.

"அப்ப நான் என்ன பண்ணணும்?" என்றான்.

"அந்த மென்பொருளை நீ நிறுவிப் பாத்தியா?"

இல்லை. அன்று ராத்திரி நிறுவினான். பழைய கட்டளை ஒன்றில் சிக்கி நின்றது. காரணம் கண்டுபிடித்து, ரெண்டு வரித் திருத்தமும் ஏன் என்று ஒரு பத்தியும் எழுதி அனுப்பினான்.

நேற்று ஃபோன் பண்ணினான். "மூணு கேள்வி கேட்டிருக்காங்க சித்தப்பா, மறுபடியும் வேணாம்னுட்டாங்க போல."

இல்லடா, படிச்சிருக்காங்கன்னு அர்த்தம் என்றேன். இப்போது ரெண்டாவது கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறான்.